சுத்தியல் காம்பும் குறட்டு வாயும்: புழங்கிப் பார்த்ததில் தெரிந்தது

கடையில் வாங்கிய 1 கிலோ சுத்தியலைச் சில வருஷமாகக் கொல்லுப் பட்டறையில் புழங்குகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்கு மம்பட்டியும் அரிவாளும் அடிப்பதுதான் பெரும்பாலான வேலை. சுத்தியல் தலையைக் குறை சொல்ல முடியாது. காம்புதான் தொல்லை: உருண்டையாக, மேலே பளபளவென்று வார்னிஷ். வேர்வை பட்டதும் வழுக்கும். வழுக்குகிறதே என்று இறுக்கிப் பிடித்தால் சாயங்காலம் முழங்கைக்குக் கீழே கடுக்கும்.

வார்னிஷைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். இரண்டு பக்கமும் அரத்தால் ராவி, உருண்டையை நீள்வட்டமாக்கினேன். பிடித்தால் விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், அதுதான் அளவு. இப்போது கண் பழுத்த இரும்பின் மேலேயே இருந்தாலும் சுத்தியல் முகம் எங்கே திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. வழுக்காமல் இருப்பதைவிட இதுதான் பெரிய லாபம். உப்புத்தாள் போட்டு மழமழப்பாக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தடவித் துடைத்தால் போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

சம்மட்டி அடிக்கிற தம்பி காம்பில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறான். "அண்ணாச்சி, பிடி கெட்டியா இருக்கு, இத உரிக்கச் சொல்லாதிய" என்கிறான். காம்பின் அடியைப் பிடிக்கிற கைக்கு மட்டும் என்பதால் சரி என்று விட்டுவிட்டேன். மேல்கை காம்பில் வழுக்கி இறங்க வேண்டிய கை, அங்கே ரப்பர் ஆகாது.

சித்திரை வெயிலில் காம்பு சுருங்கித் தலை ஆடும். தண்ணீரில் ஊறப்போட்டால் அப்போதைக்கு இறுகும். ஆனால் துளைக்குள் உப்ப இடமில்லாமல் நார் நசுங்குவதால், காய்ந்ததும் முன்னைவிட ஆடும். காம்பைத் தலையில் இறுக்குகிற ஆப்பை மாற்றுவதே மேல். காம்பையே மாற்றுவதென்றால் எனக்குக் கருவேலந்தான், நார் நீளவாக்கில் ஓடுகிற துண்டாகப் பார்த்து. பழுத்த இரும்பின் மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து வெட்டுகிற வெட்டுளியின் காம்புக்கு மட்டும் ஆப்பு கிடையாது. கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் சம்மட்டி அடியின் அதிர்ச்சி கைக்கு வராது.

கை வலிக்கு, பழுத்த இரும்பைப் பிடிக்கிற குறடும் ஒரு காரணம். வாய் சரியாகக் கவ்வாவிட்டால் கைதான் அந்த வேலையையும் செய்ய வேண்டும். குறட்டு வாயைப் பழுக்கக் காய்ச்சி, வழக்கமாகப் பிடிக்கிற பட்டை இரும்பை உள்ளே வைத்துத் தட்டினேன். அதே சூட்டில் இரண்டு பிடிகளுக்கும் நடுவே விரல் பருமன் இடைவெளி வருமாறு வளைத்து, தண்ணீரில் முக்காமல் ஆறவிட்டேன். அப்புறம் பிடியில் ஒரு இரும்பு வளையம். அதைத் தள்ளி இறுக்கிவிட்டால் கை பாரத்தைத் தாங்கினால் போதும், நெரிக்க வேண்டாம்.

ஒரே குறை: 6 மி.மீ. பட்டைக்குப் பொருத்திய வாயில் 12 மி.மீ. வைத்தால் வாயின் அடிப்பக்கம் மட்டும் கவ்வும், நுனி திறந்து நிற்கும், ஓர் அடியில் இரும்பு திரும்பிவிடும். அதற்குத் தனியாக ஒரு குறடு அடித்து வைத்திருக்கிறேன். அதன் ஆணி இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது.