சதவீத ஏற்ற இறக்கம்: வித்தியாச முறையா, பெருக்கல் காரணி முறையா?

2001 கணக்கெடுப்பில் 34,77,317 ஆக இருந்த வேலூர் மாவட்ட மக்கள்தொகை 2011இல் 39,36,331 ஆக உயர்ந்தது. வித்தியாச முறையில் இவ்விரண்டையும் கழித்துக் கிடைக்கும் 4,59,014ஐப் பழைய எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்கினால், உயர்வு 13.2 சதவீதம் என்று வரும். பெருக்கல் காரணி முறையிலோ புதிய எண்ணைப் பழைய எண்ணால் நேரே வகுக்கிறோம்; கிடைக்கும் 1.132இல் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதியே உயர்வு. (2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டதால், இந்த எண்களை இன்றைய வேலூர் மாவட்டத்தோடு ஒப்பிட்டால் எந்த முறையும் பொருளுள்ள விடையைத் தராது.)

எதனால் வகுக்க வேண்டும் என்பதை மனத்தில் பதிய வைப்பதில் வித்தியாச முறையே சிறந்தது. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் கிலோ 40 ரூபாயிலிருந்து 50 ரூபாயானால் ஏற்றம் 25 சதவீதம். மறுபடி 40க்கு வந்தால் இறக்கம் 20 சதவீதம்தான். இரண்டு தடவையும் மாறியது அதே பத்து ரூபாய். ஆனால் முதலில் 40ஆலும் பிறகு 50ஆலும் வகுக்கிறோம் என்பது கழித்துப் பார்க்கும் மாணவனின் கண்ணெதிரே நிற்கிறது.

கணக்கைத் திருப்பிக் கேட்டால் நிலைமை மாறிவிடும். ஆம்பூரில் 20 சதவீதத் தள்ளுபடி போக ஒரு ஜோடி தோல் காலணியை 1,200 ரூபாய்க்கு வாங்கினால் அதன் பழைய விலை என்ன என்று கேட்டுப் பாருங்கள். வித்தியாச முறையை மட்டும் அறிந்த மாணவர்களில் பலர் 1,200இல் 20 சதவீதமான 240ஐக் கூட்டி 1,440 என்று எழுதிவிடுகிறார்கள். நான் திருத்தும் தாள்களில் அடிக்கடி காணும் பிழை இது. கூட்டல் சரியாகவே இருக்கும், எதன்மீது 20 சதவீதம் என்பதுதான் தவறியிருக்கும். தள்ளுபடிக்குப் பின் எஞ்சுவது 0.8 பங்கு என்று தொடங்குபவர், 1,200ஐ 0.8ஆல் வகுத்து 1,500 என்ற சரியான விடையை ஒரே வரியில் அடைவார்.

அடுத்தடுத்து வரும் மாற்றங்களிலும் காரணி முறையின் கையே ஓங்குகிறது. 10 சதவீதம் ஏறிய விலை பிறகு 10 சதவீதம் இறங்கினால், 1.1ஐ 0.9ஆல் பெருக்கினால் வரும் 0.99, பழைய விலையில் ஒரு சதவீதம் குறைந்திருப்பதை உடனே காட்டுகிறது.

ஆகவே ஏழாம் வகுப்பில் வித்தியாச முறையில் தொடங்குவதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் தள்ளுபடியும் கூட்டு வட்டியும் பாடத்தில் வரும்போது காரணி முறைக்கு மாறாமல் இருப்பது மாணவர்களுக்கு வீண் சுமை.