கெமர் மாணவருக்கு ‘டேக்’: பொருள் பட்டியலா, தொடரா?

கம்போடியாவில் ஆங்கிலம் படிப்பவருக்கு ‘டேக்’ (take) என்ற சொல்லைச் சொல்லித்தர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அகராதி போல அந்நாட்டு மொழியான கெமரில் பொருள்களை வரிசையாகக் கொடுப்பது. முதலில் வருவது ‘யோக்’, அதாவது எடு. மேசையில் இருக்கும் புத்தகத்தை எடுக்க இது போதும். வாசிக்கும்போது புரியாத இடத்தில் சட்டென்று பார்த்துக்கொள்ளவும் பட்டியல் வசதிதான்.

சிக்கல் பேசும்போது வருகிறது. ஆங்கிலத்தில் மாத்திரை, பேருந்து, படம், குளியல் எல்லாவற்றுக்கும் ‘டேக்’ வரும். கெமரில் மாத்திரைக்கு ‘லேப்’, விழுங்கு. பேருந்துக்கு ‘சிஹ்’, ஏறிப் போ. படம் பிடிக்க ‘தோத்’. குளிக்க ‘ஙூத் தெக்’. இவற்றில் எதிலும் ‘யோக்’ இல்லை. பட்டியலை மனப்பாடம் செய்தவர் மாத்திரை என்றதும் விழுங்குவதற்கான ஆங்கிலச் சொல்லைத்தான் தேடுவார்; ‘டேக்’ நினைவுக்கே வராது.

இரண்டாவது வழி, ‘டேக் எ பஸ்’, ‘டேக் எ ஃபோட்டோ’ என்று தொடராகவே பழக்குவது. ‘டேக் மெடிசின்’ பக்கத்தில் ‘லேப் த்னாம்’ என்று எழுதிக்கொள்ள வேண்டும். மெதுவாகத்தான் நகரும், சரி. ஆனால் மருந்துக்கடையில் வாய் தடுமாறாது. தொடக்கநிலை மாணவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். அப்புறம் ‘டேக் ஆஃப்’ வரும்போது, சட்டையைக் கழற்ற ஒரு கெமர் வினை, விமானம் மேலெழும்ப வேறு வினை என்று பிரித்து எழுதவும் கை பழகியிருக்கும்.