முதலில் மரங்களை வரைந்தார்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் எங்களுக்கு 32 சென்ட் தோட்டம். பெரும்பாலும் ரப்பர், மேற்கு ஓரமாக இரண்டு அயனி (ஆஞ்சிலி மரம்), நான்கு பலா. அதற்குள் அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஐந்து பேருக்கு ஓட்டு வீடு கட்டினோம். வரைந்து கொடுத்தவர் நாகர்கோவிலில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு இளம் பெண் ஆர்க்கிடெக்ட். குடியேறி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, இனி தைரியமாக எழுதலாம்.

வந்த அன்று அவர் எத்தனை பெட்ரூம் வேண்டும் என்று கேட்கவில்லை. "ஒக்கி புயலில் எந்தெந்த மரம் விழுந்தது?" என்று கேட்டார். அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். 2017 நவம்பர் 30 அன்று எங்கள் ரப்பரில் பாதி ஒடிந்து விழுந்தது. அயனிக்கும் பலாவுக்கும் கிளைகள்தான் போயின. மரத்துக்கு மரம் டேப் பிடித்து அளந்து, முதல் தாளில் மரங்களை மட்டும் வரைந்தார். வீடு இரண்டாவது தாளில்தான் வந்தது. விழுந்தால் கூரையை எட்டும் ரப்பரை மட்டும் வெட்டச் சொன்னார். அயனி இரண்டும் சாயங்கால வெயிலை மறைத்துக்கொண்டு அப்படியே நிற்கின்றன.

வீட்டுக்குள் முற்றம் வேண்டாம், சாரல் அடிக்கும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவர் வாதாடவில்லை. ஒரு நாள் மத்தியானம் தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்கு எங்களைக் கூட்டிப் போய், அதன் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்து நடுமுற்றத்தின் ஓரத்தில் அரை மணி நேரம் நிற்க வைத்தார். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே மேல் வியர்க்கவே இல்லை. கூரை எவ்வளவு தாழ இறங்குகிறது பாருங்கள் என்றார். அங்கேயே சம்மதித்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் எட்டுக்கு எட்டடி முற்றம். அம்மா முருங்கைக்கீரை ஆய்வது அங்கேதான்.

வெட்டிய ரப்பரையே கழுக்கோலாக, அதாவது ஓட்டைத் தாங்கும் கூரைச் சட்டமாகப் போடலாமே என்று மாமா சொன்னார். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வண்டும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும், மருந்தேற்றினால் மேசை நாற்காலிக்கு ஆகும், வருஷத்துக்கு இரண்டு பருவமழை பார்க்கிற நம் ஊர்க் கூரைக்கு ஆகாது என்று ஆர்க்கிடெக்ட் ஆசாரியையும் கூட வைத்துக்கொண்டு விளக்கினார். அப்புறம் இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து தேக்குக் கழுக்கோலும் ஓடும் வாங்கினோம். சுவர் எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், வெயில் சூடும் உள்ளே அவ்வளவாக இறங்காது. எங்கள் கொத்தனாருக்கு இது புதிது என்பதால் முதல் சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டி வந்தது. அந்த மூன்று நாளும் ஆர்க்கிடெக்ட் காலையிலிருந்தே வந்து நின்றார்.

ஒரு குறை உண்டு. வடக்குத் திண்ணைக்கு இறவாரம் (சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரம்) இரண்டடிதான் விட்டிருந்தார். முதல் ஐப்பசி மழையிலேயே திண்ணை முழுக்க நனைந்து, சுவரடியில் பாசி பிடித்தது. போன் செய்து இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தார், அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் கணக்குத் தப்பியது தன்னால்தான் என்று ஒப்புக்கொண்டார். மூன்றரை அடிக்கு நீட்டுவதற்கான வரைபடத்துக்குக் காசு வாங்கவில்லை. மரமும் ஓடும் எங்கள் செலவு.

கட்டணம் கட்டுமானச் செலவில் 6 சதவீதம். அந்தக் காசுக்கு இன்னொரு அறை கட்டியிருக்கலாம் என்று மாமா இன்றும் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவரைப் போல ஒருவரை வைத்துக் கட்டப் போகிறீர்கள் என்றால், மழை பெய்யும் நாளில் இடத்தைக் காட்டுங்கள். எங்கள் தோட்டத்தில் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று ஜூன் மழையில் குடை பிடித்து நின்று பார்த்த பிறகுதான், கருங்கல் அஸ்திவாரம் தரையிலிருந்து மூன்றடி எழும்ப வேண்டும் என்று சொன்னார்.