“ஊசி போட்டாச்சுங்க” என்று விற்ற ஆறு வெடைக்கோழிகள்

மூன்று மாத வெடைக்கோழி ஆறு, சந்தையில் வாங்கியது. “ஊசி போட்டாச்சுங்க, அப்படியே மந்தையில விட்ருங்க” என்றார் வியாபாரி. விட்டதுதான் தப்பு. நாலாம் நாள் மூக்கு ஒழுகியது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், பிறகு கழுத்து முறுக்கல். பத்தே நாளில் பழைய கோழி 14-ல் 11 போய்விட்டது. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் இரைப்பைச் சுவரில் இரத்தப் புள்ளிகளைக் காட்டினார்: வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். வியாபாரியைக் கேட்டால் “உங்க ஊர்த் தண்ணி சேரலைங்க” என்கிறார்.

துருவிக் கேட்டதில், அந்த ‘ஊசி’ குஞ்சில் கண்ணில் விட்ட லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்புச் சொட்டு மட்டும்தான். அதன் காப்பு சில வாரம்தான் தாங்கும். எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் அதே நோய்க்கான ஆர்2பி தடுப்பூசி 0.5 மி.லி. போட்டிருக்க வேண்டும். அதனால் “சொட்டா, ஊசியா, எத்தனையாவது வாரம்?” என்று கேளுங்கள். இன்னொரு தில்லுமுல்லு, சந்தைக்கு முன் தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கலப்பது. சளி மூன்று நாலு நாள் அடங்கியிருக்கும். கழிச்சல் வைரஸை அந்த மருந்து தொடக்கூட முடியாது.

ஊசி உண்மையாகவே போட்ட கோழியும் நோய் காட்டாமல் எச்சத்தில் வைரஸைக் கழிக்கலாம். ஆகவே யார் என்ன சொன்னாலும் நாலு வாரம் தனிக்கூண்டு. பழைய கோழிகளிடமிருந்து பத்து மீட்டராவது தள்ளி, காற்று புதுசிலிருந்து பழசுக்கு அடிக்காத பக்கம். தீனி, தண்ணீர் முதலில் பழசுக்கு, கடைசியில் புதுசுக்கு. தட்டும் செருப்பும் தனி. எச்சம் ஒட்டிய தட்டில் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யாது; தேய்த்துக் கழுவிய பிறகே ஊற்றுங்கள்.

முதல் வாரம் குடற்புழு மருந்து, அடுத்த வாரம் ஆர்2பி. எதிர்ப்பு வர இரண்டு வாரம் பிடிக்கும், நாலு வாரக் கணக்கு அதனால்தான். தூங்கி நிற்கும் கோழிக்கு ஊசி வேண்டாம். கலக்கிய ஊசி மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். கால்நடை மருந்தகத்தில் இலவசமாகவே போடுகிறார்கள், பழைய கோழிகளையும் கொண்டுபோங்கள்.

இரவு விளக்கணைத்துக் கூண்டருகே நின்றால் கரகரச் சத்தம் கேட்கும். பகலில் அது தெரியாது. சளிநோயிலிருந்து தேறிய கோழி கிருமியை நெடுநாள் சுமக்கும். அதைக் கண்டுபிடிக்க, கடைசி வாரம் பழையதில் ஒன்றைப் புதுசோடு அடையுங்கள். அது சுகமாக இருந்தால் மற்றவற்றைச் சேர்க்கலாம்.

செத்ததை நாய்க்குப் போடாமல் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைத்து, கொட்டகையைக் கழுவி மூன்று வாரமாவது காலியாக விடுங்கள்.