டொராண்டோ, டாம்பா, வேகஸ், ஃபுளோரிடா: உயராத சம்பள வரம்புக்குள் அணியைச் சரியாகக் கட்டியது யார்?

2020 மார்ச் தொடக்கத்தில் என்எச்எல் ஐஸ் ஹாக்கி அணிகளின் பொது மேலாளர்களுக்கு ஒரு கணிப்பு சொல்லப்பட்டது. அடுத்த சீசனில் ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பள வரம்பு 8.40 கோடி டாலருக்கும் 8.82 கோடி டாலருக்கும் இடையில் இருக்கும் என்றார்கள். சில நாள்களில் கொரோனா வந்து ஆட்டங்கள் நின்றன. வரம்பும் அப்போதிருந்த 8.15 கோடியிலேயே நின்றுவிட்டது. அடுத்த இரண்டு சீசன்களிலும் அதே தொகைதான். பிறகு 8.25, 8.35 என்று ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் மட்டும் கூடியது. 8.8 கோடியைத் தொட்டது 2024-25ல்தான். அணிகள் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்த தொகை நான்கு ஆண்டு தாமதமாக வந்தது.

இது ஏன் இவ்வளவு பெரிய அடி என்று புரிய ஐபிஎல்லை நினைத்துக்கொள்ளலாம். அங்கேயும் அணிக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை உண்டு. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். என்எச்எல்லில் அப்போது ஒப்பந்தம் ஏழு, எட்டு ஆண்டு வரை போகும். வரம்பை மீறினால் அபராத வரி கட்டித் தப்பிக்கும் வழியும் கிடையாது. வீரரைப் பாதியில் அனுப்பினாலும், மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மீதி ஆண்டுகளைப் போல இரண்டு மடங்கு காலத்துக்கு அணியின் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

வரம்பு நின்றதற்குக் காரணம் எளிது. லீக்கின் ஹாக்கி வருமானத்தை உரிமையாளர்களும் வீரர்களும் சரிபாதி பிரித்துக்கொள்ள வேண்டும். அரங்கங்கள் காலியாகி டிக்கெட் பணம் நின்றபோது, வீரர்கள் தங்கள் பங்குக்கு மேல் வாங்கியிருந்தார்கள். அந்தக் கடன் தீரும்வரை வரம்பை ஏறக்குறைய அசைக்காமல் வைப்பது என்று 2020 கோடையில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

டொராண்டோ: நான்கு நட்சத்திரம், மீதியில் சமாளிப்பு

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 2018 ஜூலையில் ஜான் டவாரஸை ஆண்டுக்கு 1.1 கோடி டாலருக்கு எடுத்தது. அதைத் தொடர்ந்து வில்லியம் நைலாண்டர், ஆஸ்டன் மேத்யூஸ், மிட்ச் மார்னர். நான்கு முன்கள வீரர்களுக்கு மட்டும் சுமார் நான்கு கோடி டாலர், அதாவது வரம்பில் பாதி. ஸ்கார்பரோவில் லீஃப்ஸைப் பின்தொடரும் எந்தத் தமிழரும் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்.

நட்சத்திரங்களை வைத்துக்கொண்டது தவறு என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நால்வரும் தரத்துக்கேற்ற ஆட்டம் ஆடினார்கள். தவறு, வரம்பு ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி அத்தனை ஒப்பந்தங்களையும் ஒரே நேரத்தில் எழுதியதில் இருந்தது. வரம்பு 9 கோடியானால் நான்கு கோடி என்பது சுமக்கக்கூடிய பாரம். 8.15லேயே நின்றால், கோல்கீப்பரும் தடுப்பாட்டக்காரர்களும் மூன்றாம் வரிசையும் (மாற்றி மாற்றி இறங்கும் முன்கள மூவர் குழுக்களில் மூன்றாவது) மிச்சத்தைப் பங்குபோட வேண்டும்.

அதன் விலையை இரண்டு பெயர்களில் பார்க்கலாம். 2019 ஜூனில், சம்பள வரம்பில் இடம் காலி செய்வதற்காகவே பேட்ரிக் மார்லோவின் ஒப்பந்தத்தைக் கரோலினாவிடம் தள்ளி, கூடவே ஒரு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையும் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதில் ஓர் இடம்) கொடுத்தார்கள். கரோலினா அதில் தேர்ந்தெடுத்தது சேத் ஜார்விஸை. இப்போது அந்த அணியின் முக்கிய வீரர்களில் ஒருவர். அடுத்தது ஸாக் ஹைமன். மூலையில் புகுந்து பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) பிடுங்கி வரும், யாரும் தலைப்புச் செய்தியில் எழுதாத உழைப்பாளி. 2021ல் எட்மன்டன் அவருக்கு ஆண்டுக்கு 55 லட்சம் டாலர் வீதம் ஏழு ஆண்டு கொடுத்தது. டொராண்டோவால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2023-24ல் அவர் 54 கோல் அடித்தார்.

பலன்? 2020ல் கொலம்பஸ், 2021ல் மான்ட்ரியால், 2022ல் டாம்பா, 2024ல் பாஸ்டன் என்று முதல் தடையிலேயே தோல்விகள். 2023ல்தான், 2004க்குப் பிறகு முதன்முறையாக, ஒரு பிளேஆஃப் சுற்றைத் தாண்டினார்கள்.

டாம்பா: கருவைக் காப்பாற்று, வெளியடுக்கை உதிர விடு

டாம்பா பே லைட்னிங்கிடமும் விலையுயர்ந்த கரு, அதாவது மைய வீரர்கள் குழு, இருந்தது. குச்செரொவ், பாயின்ட், கோல்கீப்பர் வசிலெவ்ஸ்கி மூவரின் நீண்ட ஒப்பந்தங்களும் ஆண்டுக்குத் தலா 95 லட்சம் டாலர். தடுப்பில் ஹெட்மன். டொராண்டோவோடு வேறுபாடு இரண்டு. ஒன்று, பணம் கோல் அடிப்பவர், தடுப்பவர், காப்பவர் எனப் பரவி இருந்தது. இரண்டாவது, யாரும் 1.1 கோடியைத் தொடவில்லை.

ஆனால் டாம்பா செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. 2020 பிப்ரவரியில் பிளேக் கோல்மனுக்கும் பார்க்லே குட்ரோவுக்கும் தலா ஒரு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றாம் வரிசை வீரர்களுக்கு இவ்வளவா என்று அப்போது பலர் புருவம் உயர்த்தினார்கள். கோல்மனின் சம்பளக் கணக்கு 18 லட்சம், குட்ரோவினுடையது 9.25 லட்சம். இரண்டு ஒப்பந்தங்களும் 2021 கோடை வரை ஓடும். டாம்பா வாங்கியது ஆட்டக்காரர்களை மட்டுமல்ல, அவர்களுடைய மலிவான ஒப்பந்தங்களையும்தான். யானி கூர்டோடு சேர்ந்து அந்த வரிசை, லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை டாம்பா வென்ற 2020, 2021 இரண்டு முறையும் எதிரணியின் சிறந்த வீரர்களைக் கட்டிப்போட்டது.

2021 கோடையில் மூவருமே போனார்கள். கூர்ட் புதிய அணியான சியாட்டிலுக்கு, கோல்மன் கால்கரிக்கு, குட்ரோ நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு. அடுத்த ஆண்டு மெக்டோனா, பலாட். பிறகு கில்லோர்ன். 2024ல் கேப்டன் ஸ்டாம்கோஸே நாஷ்வில்லுக்குப் போனார். ஆண்டுதோறும் ஒரு அடுக்கு உரிந்தது. 2022ல் மீண்டும் இறுதிப்போட்டி வரை வந்து கொலராடோவிடம் தோற்றார்கள். அதற்கப்புறம் இந்த அணி ஒரு சுற்றுகூடத் தாண்டாமல் மூன்று ஆண்டுகள் போயின. எது போனாலும் எது போகக்கூடாது என்ற தெளிவு டாம்பாவுக்கு இருந்தது. ஆனால் உதிர்ந்த வெளியடுக்கை மறுபடி வளர்க்க இளைஞர்கள் இல்லை, டிராஃப்ட் வாய்ப்புகளை ஏற்கெனவே செலவழித்திருந்தார்கள்.

வேகஸ்: யாரையும் விடலாம், காயப் பட்டியலும் ஒரு கருவி

2017ல் தொடங்கிய வேகஸ் கோல்டன் நைட்ஸ், சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதை அப்போதுதான் வாங்கியிருந்த மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரியை 2021 ஜூலையில் சிகாகோவுக்கு அனுப்பியது. அணியின் முகமே அவர்தான். பதிலுக்கு வந்தவர் அந்த அணிக்கு ஒரு ஆட்டமும் ஆடவில்லை. வாங்கியது 70 லட்சம் டாலர் காலியிடம், அவ்வளவே. அடுத்த ஆண்டு மாக்ஸ் பச்சியோரெட்டியையும் ஏறக்குறைய இலவசமாகக் கரோலினாவுக்குக் கொடுத்தார்கள். இடையில் ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வாங்கும் ஜாக் ஐக்கல் வந்தார். 2023ல் கோப்பை. கோல் வலையில் நின்றவர், முந்தைய கோடையில் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு வாங்கிய ஏடின் ஹில். கோப்பை வென்ற சில நாள்களில் அணியின் முதல் நாளிலிருந்து இருந்த ரைலி ஸ்மித்தையும் விற்றார்கள். ரசிகனாக இருந்தால் நெஞ்சு வலிக்கும். ஆனால் கணக்கு நேரானது.

காயப் பட்டியல் விஷயம் தனி. நீண்டகாலக் காயத்தில் இருக்கும் வீரரின் சம்பள அளவுக்கு அணி வரம்பைத் தாண்டலாம் என்பது அப்போதைய விதி. பிளேஆஃபில் வரம்பே கணக்கில் இல்லாதிருந்தது. டாம்பாவின் குச்செரொவ் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 2020-21 வழக்கமான சீசன் முழுக்க ஆடவில்லை. பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் இறங்கி 23 ஆட்டங்களில் 32 புள்ளி (கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து) எடுத்தார். 2023ல் வேகஸ் கேப்டன் மார்க் ஸ்டோன், முதுகு அறுவைச் சிகிச்சையிலிருந்து பிளேஆஃப் முதல் ஆட்டத்துக்குத் திரும்பி, கோப்பை வென்ற ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். இருவரின் காயமும் உண்மை, விதியும் அப்போது அனுமதித்தது. வரம்பு உயராத காலத்தில், மற்ற அணிகள் சில லட்சம் டாலருக்காக ஆளைக் கழித்துக்கொண்டிருந்தபோது, இது நியாயமான போட்டி இல்லை என்பதே என் எண்ணம். குற்றம் அணிகளுடையது அல்ல, விதியுடையது.

ஃபுளோரிடா: மற்றவர்கள் விட்டதைப் பொறுக்கு

ஃபுளோரிடா பேந்தர்ஸும் நட்சத்திரங்களுக்குத் தாராளமாகவே கொடுத்தது. பார்கொவ், பொப்ரொவ்ஸ்கி தலா ஒரு கோடி, 2022ல் வந்த மாத்யூ டகாச்சுக்கு 95 லட்சம். மேல்தட்டில் டொராண்டோவுக்கும் இவர்களுக்கும் அவ்வளவு தூரமில்லை. வித்தியாசம் கீழே.

கார்ட்டர் வெர்ஹேகியை 2020ல் டாம்பா இடமில்லாமல் விட்டது. ஃபுளோரிடா ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு எடுத்தது. கஸ்டவ் ஃபோர்ஸ்லிங்கை 2021 ஜனவரியில் கரோலினா விட்டபோது சம்பளத்தைத் தவிர எதுவும் கொடுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். பிராண்டன் மோன்டூர் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்புக்கு வந்தார். அந்தனி டுக்ளேர் 23 கோல் அடித்த சீசனுக்குப் பிறகு ஒட்டாவாவால் விடப்பட்டு, 17 லட்சத்துக்குச் சேர்ந்தார். வான்கூவர் பணம் கொடுத்து விலக்கிய எக்மன்-லார்சன் 22.5 லட்சத்துக்கு வந்து 2024 கோப்பையைத் தூக்கினார்.

2023ல் 65 வெற்றிகளோடு சாதனை படைத்த பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் சமன் செய்தவர் மோன்டூர், கூடுதல் நேரத்தில் முடித்தவர் வெர்ஹேகி. வரம்பு நின்றதால் மற்ற அணிகள் கைவிட்ட நடுத்தர வீரர்கள் எங்கேயோ போய்ச் சேரத்தான் வேண்டும். பொது மேலாளர் பில் சீட்டோவின் அணி அவர்களில் யாருக்கு இன்னும் ஆட்டம் மிச்சமிருக்கிறது என்று சரியாகக் கண்டது.

ஐந்தாவது வழியும் ஒன்று இருந்தது, சம்பள வரம்பில் உள்ள காலியிடத்தையே வாடகைக்கு விடுவது. அரிசோனா அணி, நியூயார்க் ஐலாண்டர்ஸிடமிருந்து ஆண்ட்ரூ லாடின் ஒப்பந்தத்தை ஏற்க இரண்டு இரண்டாம் சுற்று வாய்ப்புகளும் நிபந்தனையோடு ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பும் கூலியாக வாங்கியது. டிராஃப்ட் கிடங்கு நிறைந்தது, வெற்றி வரவில்லை, 2024ல் அணியே சால்ட் லேக் சிட்டிக்குப் போய்விட்டது.

ஒரு மறுப்பு அடிக்கடி வரும். 2020 முதல் 2025 வரை ஆறு கோப்பைகளில் ஐந்து, மாநில வருமான வரி இல்லாத ஃபுளோரிடா, நெவாடா மாநிலங்களுக்குப் போயின. அங்கே 95 லட்சம் என்பது டொராண்டோவின் 1.1 கோடிக்கு அருகில் கையில் நிற்கும். இது உண்மைதான், சிறிய உதவியும் இல்லை. ஆனால் டல்லஸுக்கும் நாஷ்வில்லுக்கும் அதே சலுகை உண்டு, அந்த ஆறு ஆண்டுகளில் கோப்பை இல்லை.

என் தேர்வு ஃபுளோரிடா. டாம்பாவின் வழி, கருவை ஏற்கெனவே வளர்த்துவிட்ட அணிக்கு மட்டும் பொருந்தும். வேகஸ் வழியில் பாதி, விதியின் ஓட்டையில் நின்றது. 2025-26 முதல் பிளேஆஃபிலும் வரம்பு கணக்கிடப்படுவதால் அது அடைபட்டுவிட்டது. டொராண்டோவின் வழிக்கு, வரம்பு 9.55 கோடியாக உயர்ந்த பிறகு உயிர் வந்திருக்கலாம். அதற்குள் மார்னர் வேகஸுக்குப் போய்விட்டார்.

வரம்பு உயர்ந்தால் என்ன மாறும் என்பதை 2025 கோடையிலேயே பார்த்துவிட்டோம். இரண்டாவது கோப்பைக்குப் பிறகு ஃபுளோரிடாவில் பென்னட், எக்பிளாட், மார்ஷாண்ட் மூவரின் ஒப்பந்தமும் முடிந்தது. மூவரையுமே தக்கவைத்தார்கள். 2021ல் இரண்டாவது கோப்பைக்குப் பிறகு டாம்பாவால் கூர்ட், கோல்மன், குட்ரோ மூவரில் ஒருவரைக்கூட வைத்துக்கொள்ள முடியவில்லை.