தில்லி இ-சலான் சேவை: தப்பாக வந்த ஓவர்ஸ்பீடு நோட்டீசுக்கு எவ்வளவு உதவும்?

போக்குவரத்து அபராத நோட்டீசை இணையத்தில் பார்க்கவும் கட்டவும் இருக்கும் சேவைதான் இ-சலான். பணம் கட்ட: அருமை. படம் பார்க்க: நன்று. தப்பைத் திருத்த: சுமார்தான். மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கம் நம் தமிழர்கள் "ரெண்டாயிரம்தானே, கட்டித் தொலை" என்று முடித்துக்கொள்வதற்கு இந்த அமைப்பே பாதிக் காரணம். ஆனால் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதன்பிறகு நோட்டீசில் வண்டி எண் தப்பு என்று சொல்லிப் பயனில்லை.

முதலில் படம். பரிவாஹன் (மத்திய அரசின் போக்குவரத்து இணையதளம்) இ-சலான் பக்கத்தில் வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி 5 இலக்கங்களைக் கொடுத்தால் விவரம் திறக்கும். படத்தை உடனே சேமித்துக்கொண்டு, பெரிதாக்கி, நம்பர் பிளேட்டை ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். தில்லி எண்ணில் 'டிஎல்' தாண்டி வரும் இலக்கம் ஆர்டிஓ, அடுத்த எழுத்து வண்டி வகை. 7 என்றால் மயூர் விஹார், 1 என்றால் மால் ரோடு. 'சி' கார், 'எஸ்' இருசக்கரம். அழுக்குப் பிளேட்டில் 1 என்பது 7 ஆகிவிட்டால், மால் ரோடு கார் ஓடிய வேகத்துக்கு மயூர் விஹார்காரருக்கு நோட்டீஸ் வரும். 3-க்கும் 8-க்கும், 'பி'-க்கும் 8-க்கும் இதே கதி. ஸ்கூட்டர் எண்ணுக்கு வந்த நோட்டீசில் கார் படம் இருந்தால் வேறு வாதமே வேண்டாம்.

படத்தில் பிளேட் தெளிவாக உங்கள் எண்ணாகவே இருந்து, வண்டி மட்டும் வேறென்றால் அது பதிவுப் பிழை அல்ல, போலி பிளேட். அதற்கு வழி போலீஸ் புகார்.

அடுத்து நோட்டீசில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ (2021) படி பிளேட் தெரியும் தெளிவான படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு, மின்னணு ஆவணச் சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும். நோட்டீசும் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். வண்டி வகை தப்பானால் தொகையே மாறும்: மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 183-இல் இலகு ரகத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரகத்துக்கு 2,000 முதல் 4,000. இப்படிப்பட்ட பிழைகள் எடுபடும். உரிமையாளர் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனது, பழைய முகவரி போன்றவற்றை நம்பிக் கோர்ட் வரை போகாதீர்கள்.

வேக வரம்பையும் விடாதீர்கள். 2019-இல் என்எச் 24 நெடுஞ்சாலையில் பலகை 70 என்றது, சலான் போட்டது 60-ஐ வைத்து. கடைசியில் தில்லி போக்குவரத்துப் போலீசே சுமார் ஒன்றரை லட்சம் சலான்களைத் திரும்பப் பெற்றது. ஆகவே பலகையைப் படமெடுத்து வைப்பது வீண்வேலை அல்ல.

பிழை உறுதியானால் இ-சலான் தளத்தின் புகார் பகுதியில் சலான் எண், ஆர்சி நகல், உங்கள் வண்டியின் முன்பின் படங்கள், அந்த நேரத்தில் வண்டி வேறிடத்தில் இருந்ததைக் காட்டும் ஃபாஸ்டேக் கணக்கு ஆகியவற்றைச் சேருங்கள். "7 அல்ல, 1" என்று ஒரே வரியில் எழுதுங்கள். நீண்ட கடிதத்தில் விஷயம் மூழ்கிவிடும்.

அதற்குள் வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (இணையத்திலேயே சலான் வழக்கை நடத்தும் நீதிமன்றம்) போயிருந்தால் அதன் தளத்தில் தில்லி பெயரில் இரண்டு பிரிவுகள் தெரியும்: டிராஃபிக் டிபார்ட்மென்ட், நோட்டீஸ் டிபார்ட்மென்ட். கேமரா வழக்கு இருப்பது இரண்டாவதில். முதலாவதில் தேடிவிட்டு "ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் ஏராளம். உள்ளே பணம் கட்டும் பொத்தான் கண்ணில் படும்படி இருக்கும். அதைத் தொடாமல், வழக்கை எதிர்க்கும் தெரிவைத் தேர்ந்தெடுத்தால் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றுவார்கள். கிழக்கு தில்லிக்கு அது கர்கர்டூமா நீதிமன்றம். ஓடிபி பழைய மொபைல் எண்ணுக்குப் போனால் இங்கேயே வேலை நின்றுவிடும். வாஹனில் (வண்டிப் பதிவுத் தளம்) மொபைல் எண்ணை முன்பே மாற்றிவையுங்கள்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) தொகை குறையும், வரிசையும் நகரும். ஆனால் அது சமரசம். செய்யாத குற்றத்துக்குத் தள்ளுபடி வாங்க அங்கே நிற்க வேண்டியதில்லை.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் பரிவாஹனில் நிலுவை என்றே காட்டக்கூடும். உத்தரவு நகலோடு மறுபடி புகார் போட்டு நீக்கச் சொல்லுங்கள். இல்லையேல் வண்டியை விற்கும்போது என்ஓசி (தடையின்மைச் சான்று) கிடைப்பதில் சிக்கல் வரும்.