குங்ஸ்லேடன் நெடும்பாதை: ஒன்பது ஆண்டுகளில் நான்கு நடைகள்

சுவீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே உள்ள அபிஸ்கோவில் தொடங்கி, தெற்கே ஹெமாவன் வரை சுமார் 440 கிலோமீட்டர் செல்லும் மலைப்பாதையின் பெயர் குங்ஸ்லேடன். அரசப் பாதை என்பது அதன் பொருள். இதன் வடபகுதியில் சிங்கி வரை தெற்கே நடந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பி நிக்காலுவோக்தாவில் முடிப்பதே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் வழி. ஏறத்தாழ 105 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வழியில் 2015 முதல் 2024 வரை நானும் என் மனைவியும் நான்கு முறை இறங்கினோம். மூன்று முறை முடித்தோம், ஒரு முறை பாதியில் திரும்பினோம். ஒவ்வொரு முறையும் சென்றது வெவ்வேறு மாதத்தில். உடல்வலு, காலணி, முதுகுப்பையின் எடை ஆகியவற்றைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளன. ஆனால் இந்தப் பாதையில் நடப்பவரின் அனுபவத்தை வேறு எதையும்விட மிகுதியாகத் தீர்மானிப்பது அவர் எந்த வாரத்தில் வருகிறார் என்பதுதான் என்று நான்கு நடைகளுக்குப் பிறகு உறுதியாகச் சொல்கிறேன்.

முதல் நடை 2015 ஜூலையில். ஸ்டாக்ஹோமிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் அபிஸ்கோவிலேயே இறங்கலாம். நிலையத்திலிருந்து பாதையின் தொடக்கத்துக்குச் சில நிமிட நடைதான். 1909-இல் அமைக்கப்பட்ட அபிஸ்கோ தேசியப் பூங்காவின் பிர்ச் காடுகளுக்குள் ஆற்றையொட்டிச் செல்லும் முதல் 15 கிலோமீட்டர் மிக எளிது. சதுப்பு நிலங்களின்மேல் இரட்டைப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன, ஓடைகளுக்குப் பாலம் உண்டு. கிழக்கே, இரண்டு மலைகளுக்கிடையே பனியாறு குடைந்தெடுத்த லாப்போர்ட்டன் பள்ளத்தாக்கு ஒரு பெரிய தொட்டிலைப் போலத் தெரியும். மேற்கிலுள்ள மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் அபிஸ்கோ சுவீடனின் மிக வறண்ட இடங்களில் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. இதை நம்பி மழையுடையை அடியில் வைத்துக் கட்டிவிட வேண்டாம், தெற்கே செல்லச் செல்ல வானிலை முற்றிலும் மாறிவிடும்.

அந்த ஜூலையின் நினைவாக என்னிடம் எஞ்சியிருப்பது கொசு. நம் ஊர்க் கொசுவைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் அதைப் பொருட்படுத்தாமல் சென்றேன்; அது பெரும் தவறு. பிர்ச் காட்டிலும் ஏரிக்கரையிலும் காற்று நின்றுவிட்டால் முகவலை இல்லாமல் ஒரு வாய் சோறு உண்ண முடியாது. இரவு பன்னிரண்டு மணிக்கும் கூடாரத்துக்குள் வெளிச்சம் நிறைந்திருந்ததால், களைத்திருந்தும் தூக்கம் வரவில்லை. மே இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை அங்கே கதிரவன் மறைவதே இல்லை. கண்ணைக் கட்டிக்கொள்ளும் துணி முகவலையைப் போலவே இன்றியமையாதது என்பதை இரண்டாம் நாளே உணர்ந்தோம்.

கொசுவிலிருந்து தப்பலாம் என்று 2017-இல் ஜூன் இறுதி வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். பாதை முழுவதிலும் மிக உயரமான இடம் சேக்ட்யா கணவாய், ஏறத்தாழ 1,150 மீட்டர். அதற்கு வடக்கே உள்ள அலெஸ்யாவுரே குடிலைத் தாண்டியதுமே பனி தொடர்ச்சியாகக் கிடந்தது. காலையில் அது உறைந்து கெட்டியாக இருக்கும், அப்போது நடக்கலாம். நண்பகலுக்குமேல் இளகி, தொடைவரை உள்வாங்கும். பனிக்கடியில் உருகிய நீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை, காதால்தான் கேட்கிறது. அந்த ஓசையைக் கேட்டபடி அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற சில நிமிடங்களை நான் இன்றும் மறக்கவில்லை. மனைவி, "திரும்பிடலாங்க, அடுத்த வருஷம் வரலாம்" என்றாள், திரும்பினோம். அந்த முடிவு சரியானதே என்பதில் எனக்கு அன்றும் இன்றும் ஐயமில்லை. வழியில் நடப்போர் தங்கும் குடில்கள் ஜூன் நடுவிலோ இறுதியிலோ திறந்துவிடும் என்பதால் பாதையும் திறந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

இங்கே வழிக்குறிகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உயரமான கம்பங்களில் பொருத்தப்பட்ட சிவப்புப் பெருக்கல் குறிகள் குளிர்காலப் பனிச்சறுக்குத் தடத்துக்கானவை. அந்தத் தடம் உறைந்த ஏரியின்மீதும் சதுப்பின்மீதும் நேராகச் செல்லும். கோடையில் அவற்றைப் பின்பற்றுகிறவர் சேற்றில்தான் போய் நிற்பார். வண்ணம் பூசிய கற்களையும் தேய்ந்த நடைத்தடத்தையுமே பார்த்து நடக்க வேண்டும். பல இடங்களில் இரண்டும் ஒன்றாகச் சென்று திடீரெனப் பிரிவதால்தான் குழப்பம் நேர்கிறது.

மூன்றாவது நடை 2019 செப்டம்பரின் முதல் பாதியில். இதை ஆயுளில் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். குள்ளப் பிர்ச் செடிகள் செந்நிறமாகவும், அவுரிநெல்லிப் புதர்கள் அதைவிட அடர்ந்த சிவப்பாகவும், பள்ளத்தாக்கின் பிர்ச் மரங்கள் பொன்மஞ்சளாகவும் மாறியிருந்தன. கொசு ஒன்றுகூட இல்லை. கணவாயின் தெற்கு விளிம்பில் நின்றால் நேராக நீண்டு செல்லும் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது. அங்கே ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அலெஸ்யாவுரேயில் வடதிசை ஒளி பச்சைத் திரையாக அசைந்ததையும் கண்டோம். அதே நடையில் சேல்கா குடிலில் விழித்தபோது தரையெங்கும் புதுப்பனி படர்ந்திருந்தது, கூடாரம் போட்டிருந்தவர்கள் விறைத்த கைகளோடு உள்ளே வந்தனர். அந்த மாதத்தின் விலை இதுதான். செப்டம்பரின் மூன்றாம் வாரத்தையொட்டிக் குடில்கள் மூடத் தொடங்கும் என்பதால் இன்னும் தள்ளிப்போடவும் முடியாது.

அந்த நாட்களில் எல்லாக் குடில்களிலும் ஒரே பேச்சு. சுவீடனின் மிக உயர்ந்த சிகரம் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லிவந்த கெப்னெகைசேயின் தென்முகடு, அதன்மேல் இருந்த பனிக்கட்டி உருகியதால் 2,095.6 மீட்டராகத் தாழ்ந்து, 2,096.8 மீட்டர் உயரமுள்ள பாறை வடமுகட்டுக்கு முதலிடத்தை விட்டுக்கொடுத்த செய்தி அந்த மாதம்தான் அறிவிக்கப்பட்டிருந்தது. அதைச் சொன்ன முதியவர் ஒருவரின் குரலில், சொந்த வீட்டுச் சாவைச் சொல்வது போன்ற துயரம் இருந்தது.

குடில்களைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றிப் பேச இயலாது. 1885-இல் தொடங்கப்பட்ட சுவீடன் சுற்றுலாச் சங்கம் இவற்றை நடத்துகிறது. பத்து முதல் இருபது கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் இருக்கின்றன. மின்சாரம் இல்லை, குளியலறை இல்லை; எரிவாயு அடுப்பும் விறகுக் கணப்பும் உண்டு. விறகை நாமே வெட்டி, ஓடையிலிருந்து நீரை நாமே கொண்டுவந்து, கழிவுநீரையும் நாமே வெளியே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். மரமே வளராத உயரத்தில் இருக்கும் குடிலுக்கு விறகும் எரிவாயுவும் குளிர்காலத்தில் பனிவண்டியில் வருகின்றன என்று அறிந்த பிறகு, தேவைக்குமேல் ஒரு கட்டையை அடுப்பில் வைக்க எனக்கு மனம் வந்ததில்லை. அபிஸ்கோயாவுரே, அலெஸ்யாவுரே, சேல்கா ஆகிய மூன்றிலும் சிறு கடையும் நீராவிக் குளியல் அறையும் இருக்கின்றன. சேக்ட்யாவிலும் சிங்கியிலும் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். படுக்கையை இப்போது முன்பதிவு செய்துகொள்ளலாம். கூடாரம் போட விரும்புவோருக்கு, யாரும் இயற்கைவெளியில் தங்கலாம் என்னும் சுவீடன் உரிமை துணைநிற்கிறது. ஆனால் தேசியப் பூங்காவுக்குள் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே அனுமதி.

இது ஆளற்ற காடல்ல என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். சாமி பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் கலைமான் மேய்க்கும் நிலம் இது. அலெஸ்யாவுரே ஏரியின் கரையில் அவர்களுடைய கோடைக் குடியிருப்பு இருக்கிறது. மந்தை எதிர்ப்பட்டால் நின்றுவிட வேண்டும், அது கடந்த பிறகே நகர வேண்டும். படம் எடுப்பதற்காகக் குட்டியோடு நின்ற மானை நோக்கி ஓடியவர்களைப் பார்த்து நான் மனம் வருந்தியிருக்கிறேன்.

நான்காவது நடை, 2024 ஆகஸ்டின் கடைசி வாரம். கொசு பெரும்பாலும் ஓய்ந்திருந்தது, கணவாயில் பனித்திட்டுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன, ஓடைகள் தணிந்திருந்தன, இரவு உண்மையான இரவாக இருந்தது. முதன்முறையாகச் செல்வோருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இந்த வாரத்தையும் அதையடுத்த வாரத்தையும்தான். ஆகஸ்டின் நடுப்பகுதியில் பெருந்திரளானோர் ஒன்றாக நடக்கும் நிகழ்வு ஒன்று உண்டு. தனிமை வேண்டுவோர் அந்தத் தேதிகளைப் பார்த்து விலக்கிக்கொள்வது நல்லது.

உணவுக்கு நாங்கள் கொண்டுசென்றவற்றில் வறுத்த ரவை, அவல், பருப்புப்பொடி ஆகிய மூன்றும் எடைக்கு ஏற்ற பயன் தந்தன. கொதிநீர் ஊற்றினாலே போதும். எரிவாயுக் குப்பியை விமானத்தில் எடுத்துச்செல்ல முடியாது, ஆதலால் அபிஸ்கோவிலேயே வாங்க வேண்டும். குடிநீரைச் சுமக்கத் தேவையில்லை, ஓடும் நீரைக் கோப்பையில் எடுத்துக் குடிக்கலாம். அபிஸ்கோவை நீங்கியதும் பல நாட்களுக்குக் கைபேசிச் சமிக்ஞையைக் கணக்கில் கொள்ளக் கூடாது. தனியாக நடப்பவர் செயற்கைக்கோள் அவசரக் கருவி இல்லாமல் செல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கடைசி 19 கிலோமீட்டர், கெப்னெகைசே மலைநிலையத்திலிருந்து நிக்காலுவோக்தா வரை, ஏற்றம் இல்லாவிட்டாலும் கல் நிறைந்தது. பாதங்கள் ஏற்கெனவே நொந்திருக்கும். இடையிலுள்ள ஏரியில் படகு ஏறினால் ஐந்தாறு கிலோமீட்டர் குறையும். மூன்று நடைகளிலும் நாங்கள் அந்தப் படகில்தான் ஏறினோம். நிக்காலுவோக்தாவிலிருந்து கிருனா நகருக்குப் பேருந்து இருக்கிறது, அதன் நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்து வைத்துக்கொண்டால் படகுக்காகக் கரையில் காத்திருக்கும்போது பதற்றம் இருக்காது.